சிவப்புத் திரையைக் கடக்கலாமா?

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பெரிய ஏரி உண்டு. அஃது இயற்கையாக உண்டான ஏரியன்று. ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கிய பள்ளம் அது. ஈயம் எடுத்து முடிந்தபின் பள்ளத்தில் நீர் நிரம்பியது. அதைச் சுற்றிப் பேரங்காடியும் தங்கும் விடுதிகளும் அலுவலகக் கட்டடங்களும் எழுந்தன. 'தி மைன்ஸ்' என்னும் பெயரில் மட்டும் பழைய சுரங்கம் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த ஏரிக்கரையில் உள்ள ஜாலான் தாசிக்கில்தான் சைபர் செக்யூரிட்டி மலேசியா என்னும் அரசு நிறுவனம் பல ஆண்டுகள் இயங்கியது. பின்னர் அது சைபர்ஜெயாவுக்கு இடம் பெயர்ந்தது. 1997-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மைசெர்ட் என்னும் கணினி அவசர உதவிக் குழு இந்நிறுவனத்தின் ஒரு பிரிவாகும். இணையத்தில் ஏமாற்றப்பட்டவர்களும் ஏமாற்றப்பட இருந்தவர்களும் அனுப்பும் புகார்களை அக்குழுவினர் நாள்தோறும் பெற்றனர். அப்புகார்களில் ஒரு வகை மீண்டும் மீண்டும் வந்துகொண்டே இருந்தது. அதுதான் போலி வங்கித் தளங்களைப் பற்றிய புகார்.

2000-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டு வங்கிகள் இணையவழிச் சேவை வழங்கத் தொடங்கின. வரிசையில் நின்று பணம் செலுத்திய மக்கள் வீட்டிலிருந்தே மின்கட்டணம் செலுத்தப் பழகினர். மோசடிக்காரர்களும் அதே வேகத்தில் பழகிக்கொண்டனர். வங்கியின் சின்னம், நிறம், எழுத்து வடிவம் ஆகிய அனைத்தையும் அப்படியே படியெடுத்து ஒரு போலிப் பக்கத்தை உருவாக்கினர். 'உங்கள் கணக்கு முடக்கப்படும். உடனே சரிபார்க்கவும்' என்று ஒரு மின்னஞ்சலை ஆயிரக்கணக்கானோருக்கு அனுப்பினர். பதறிப் போனவர்கள் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தாமே தட்டச்சு செய்து கொடுத்தனர். இதைத்தான் ஃபிஷிங் என்கிறோம். மீன்பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் எழுத்தைச் சற்றே மாற்றி உண்டாக்கிய சொல் அது. தமிழில் தூண்டில் மோசடி எனலாம்.

மைசெர்ட் குழுவினர் 2010-ஆம் ஆண்டுவாக்கில் 'டோன்ட்ஃபிஷ்மீ' என்னும் சிறு நிரலை உருவாக்கி இலவசமாக வெளியிட்டனர். அதை ஃபயர்ஃபாக்ஸ், குரோம் ஆகிய உலாவிகளுடன் இணைத்துக்கொள்ள முடிந்தது. மலேசிய வங்கியின் பக்கம்போல் தோற்றமளித்துப் பயனரின் விவரங்களைக் கேட்கும் ஐயத்திற்குரிய பக்கம் திறக்கப்பட்டால், அந்நிரல் உடனே எச்சரித்தது. உலாவிகளில் அப்போதே எச்சரிக்கை வசதி இருந்ததே, பிறகு ஏன் இன்னொன்று? உலாவி நிறுவனங்களின் பட்டியல் உலகம் முழுமைக்கும் பொதுவானது. நம் நாட்டு வங்கிகளைக் குறிவைக்கும் தூண்டில்களுக்கென்று தனிக் கவனம் தேவைப்பட்டது. உள்ளூர்ப் பாம்பை உள்ளூர்க்காரன்தான் விரைவில் அடையாளம் காண்பான் என்பது போன்றது இது.

உலாவி தரும் எச்சரிக்கையின் வரலாறும் நெடியதன்று. 2006-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7, ஃபயர்ஃபாக்ஸ் 2 ஆகிய இரண்டிலும் தூண்டில் மோசடிக்கு எதிரான தடுப்பு சேர்க்கப்பட்டது. தொடக்கத்தில் எச்சரிக்கையை எப்படிக் காட்டுவது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. பக்கத்தைத் திறக்கவிட்டு ஓரத்தில் ஒரு சிறு குறிப்பைக் காட்டினால் போதுமா? அல்லது பக்கத்தையே மறைத்து, பயனரை நிறுத்தி வைத்துப் பேச வேண்டுமா?

அமெரிக்காவின் கார்னகி மெல்லன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனைச் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டனர். சோதனையில் 60 பேர் பங்கேற்றனர். ஆய்வாளர்கள் அனுப்பிய போலி மின்னஞ்சல்களில் ஒன்றிலாவது ஏமாந்தவர்கள் 97 விழுக்காட்டினர். இவர்களுள், பாதையை மறித்து நிற்கும் எச்சரிக்கையைக் கண்டவர்களில் 79 விழுக்காட்டினர் அதற்குச் செவிசாய்த்து விலகினர். ஓரத்தில் தோன்றும் குறிப்பைக் கண்டவர்களுள் விலகியவர் ஒரே ஒருவர்தான். இன்று நாம் காணும் சிவப்புத் திரை பக்கம் முழுவதையும் மறைத்துக்கொண்டு நிற்பதற்கு இத்தகைய ஆய்வுகளே காரணம். அஃது எரிச்சலூட்டுவதாக இருக்கலாம். எரிச்சலூட்டாத எச்சரிக்கை எவர் கண்ணிலும் படுவதில்லை.

ஒரு தளம் போலியானது என்பது உலாவிக்கு எப்படித் தெரிகிறது? குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி ஆகியவை கூகிள் தொகுக்கும் பட்டியலைப் பயன்படுத்துகின்றன. எட்ஜ் உலாவி மைக்ரோசாப்டின் பட்டியலைப் பயன்படுத்துகிறது. நாம் செல்லும் முகவரிகளை எல்லாம் கூகிளுக்கு அனுப்பிக் கேட்டால் நமது அந்தரங்கம் என்னாவது? அதற்கு ஒரு நுட்பமான வழி கண்டனர். ஒவ்வொரு முகவரியும் கைரேகையைப் போன்ற ஒரு நீண்ட எண்ணாக மாற்றப்படுகிறது. அவ்வெண்ணின் நீளம் 256 பிட்டுகள். அதில் முதல் 32 பிட்டுகள் மட்டும் அடங்கிய பட்டியல் நம் கணினியிலேயே சேமித்து வைக்கப்படுகிறது.

பள்ளி நுழைவாயிலில் நிற்கும் பாதுகாவலரை நினைத்துக்கொள்ளலாம். உள்ளே விடக்கூடாத வாகனங்களின் முழு எண் அவரிடம் இல்லை. முதல் சில எழுத்துகள் மட்டுமே உள்ளன. வரும் வாகனத்தின் எழுத்துகள் பட்டியலில் இல்லையெனில் அவர் எவரிடமும் கேட்காமல் உள்ளே விடுகிறார். பொருந்தினால் மட்டும் அலுவலகத்திற்கு அழைத்து, அவ்வெழுத்துகளில் தொடங்கும் முழு எண்களைப் பெற்று ஒப்பிட்டுப் பார்க்கிறார். முழுமையாகப் பொருந்தினால்தான் கதவு மூடப்படும். உலாவி செய்வதும் இதுவே.

இம்முறைக்கு ஒரு குறை உண்டு. கணினியில் உள்ள பட்டியல் 30 முதல் 60 நிமிடங்களுக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கப்பட்டு வந்தது. தீங்கு விளைவிக்கும் தளம் ஒன்றின் சராசரி ஆயுளோ 10 நிமிடங்களுக்கும் குறைவு எனக் கூகிள் நிறுவனமே 2024-இல் தெரிவித்தது. பட்டியல் வந்து சேர்வதற்குள் தூண்டில்காரன் கடையைக் கட்டிவிடுகிறான். ஆகவே, 2024 மார்ச் முதல் குரோம் உலாவி அந்தந்த நொடியிலேயே கேட்டுச் சரிபார்க்கும் முறைக்கு மாறத் தொடங்கியது. முகவரியின் கைரேகைத் துண்டு மட்டுமே, அதுவும் இடையிலுள்ள வேறொரு நிறுவனத்தின் வழியாக, அனுப்பப்படுகிறது.

இனி, சிக்கலான இடத்திற்கு வருவோம். படிவம் 4 மாணவி ஒருத்தி பேச்சுப் போட்டிக்குப் பதிவு செய்ய ஒரு தமிழ்ச் சங்கத்தின் தளத்தைத் திறக்கிறாள் என வைத்துக்கொள்வோம். சிவப்புத் திரை தோன்றுகிறது. "நம்ம சங்கம்தானேம்மா, தலைவர் அப்பாவுக்குத் தெரிஞ்சவரு. அதெல்லாம் ஒன்னும் ஆகாது, தட்டிட்டு உள்ளே போ" என்கிறார் தந்தை. அவர் கூறுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. எச்சரிக்கைகளும் தவறுவதுண்டு.

2009-ஆம் ஆண்டு ஜனவரி 31-இல் அப்படியொரு தவறு நிகழ்ந்தது. மலேசிய நேரப்படி அன்றிரவு 10.30 மணியளவில், கூகிளில் எதைத் தேடினாலும், கிடைத்த ஒவ்வொரு தளத்தின் கீழும் 'இத்தளம் உங்கள் கணினிக்குத் தீங்கு விளைவிக்கலாம்' என்னும் குறிப்பு தோன்றியது. தீய தளங்களின் பட்டியலைப் புதுப்பித்த ஒருவர் அதில் தவறுதலாக ஒரு சாய்கோட்டை மட்டும் சேர்த்துவிட்டார். எல்லா இணைய முகவரிகளிலும் சாய்கோடு இருப்பதால் உலகத்துத் தளங்கள் அனைத்தும் குற்றவாளிகள் ஆயின! ஒரு மணி நேரத்திற்குள் அது சரிசெய்யப்பட்டது. மனிதத் தவறே காரணம் எனக் கூகிளும் ஒப்புக்கொண்டது. உலாவியின் திரையில் அன்றித் தேடல் முடிவுகளில் நிகழ்ந்தது என்றாலும், பட்டியல் என்பது வேதவாக்கு அன்று என்பதற்கு அந்த இரவு போதிய சான்று.

எனினும், நமக்கு நன்கு தெரிந்த தளத்தின்மேல் எச்சரிக்கை வரும்போது, பட்டியல் தவறியிருப்பதற்கான வாய்ப்பைவிட வேறொன்றுக்கான வாய்ப்பையே முதலில் எண்ண வேண்டும். அத்தளத்திற்குள் எவரோ புகுந்திருக்கலாம். சங்கங்கள், கோயில்கள், சிறு வணிகர்கள் ஆகியோரின் தளங்களை ஒருவர் ஆர்வத்தோடு உருவாக்கித் தருவார். பிறகு ஆண்டுக்கணக்கில் எவரும் அதைப் புதுப்பிப்பதில்லை. பழைய மென்பொருளின் ஓட்டை வழியே நுழையும் மோசடிக்காரர்கள் முகப்பை மாற்றுவதில்லை. உள்ளே ஒரு மூலையில் போலி வங்கிப் பக்கத்தை ஒளித்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். முகப்பில் பொங்கல் வாழ்த்து அப்படியே இருக்கும். கோயில் நிருவாகத்தினர் நல்லவர்கள் என்பதால் உண்டியல் உடைக்கப்படாது என்றில்லை அல்லவா? தந்தை நம்புவது சங்கத் தலைவரை. உலாவி ஐயுறுவது அத்தளத்தில் இப்போது இருப்பதை. இரண்டும் வேறு வேறு.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. மாணவி திறந்தது சங்கத்தின் தளமாகவே இல்லாமல் இருக்கலாம். புலனத்தில் யாரோ பகிர்ந்த இணைப்பைத்தான் அவள் அழுத்தினாள். இங்குதான் முகவரியைப் படிக்கும் திறன் தேவைப்படுகிறது. தமிழை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். இணைய முகவரியில் உரிமையாளர் யார் என்பதை அறிய, முதல் தனிச் சாய்கோட்டிலிருந்து இடப்பக்கமாகப் பின்னோக்கிப் படிக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 'நம்வங்கி.காம்.மை' என்பது ஓர் உண்மையான முகவரி எனக் கொள்வோம். 'நம்வங்கி.காம்.மை.சரிபார்ப்பு.டாப்' என்று இன்னொன்று வருகிறது. கண் முதலில் 'நம்வங்கி' என்பதைப் பிடித்துக்கொள்கிறது, மனம் அமைதியடைகிறது. ஆனால், கடைசியிலிருந்து படித்தால் 'டாப்', அதற்கு முன் 'சரிபார்ப்பு'. அத்தளத்தின் உரிமையாளர் 'சரிபார்ப்பு.டாப்' என்னும் பெயரைப் பதிந்தவரே. முன்னால் உள்ளதெல்லாம் அவர் தம் விருப்பம்போல் ஒட்டிக்கொண்ட அலங்காரம். 'மை' என முடியும் பெயர்களைப் பதியும் பொறுப்பு மைநிக் நிறுவனத்தினுடையது. அந்நிறுவனமும் நெடுங்காலம் ஸ்ரீ கெம்பாங்கானின் அதே ஏரிக்கரையில்தான் இருந்தது. 'கவ்.மை' என முடியும் பெயர் அரசாங்க அமைப்புகளுக்கு மட்டுமே வழங்கப்படும். 'டாப்' போன்றவற்றையோ உலகின் எம்மூலையிலிருந்தும் எவரும் சில ரிங்கிட்டில் வாங்கிவிடலாம்.

எச்சரிக்கையைக் கடந்து செல்லும் வழியை உலாவிகள் முற்றாக அடைத்துவிடவில்லை. பெரிய பொத்தான் நம்மைத் திரும்பிப் போகச் சொல்லும். 'விவரங்கள்' என்னும் சிறிய சொல்லை அழுத்தினால், ஆபத்தைப் பொருட்படுத்தாமல் தொடர்வதற்கான இணைப்பு கீழே பொடியெழுத்தில் தோன்றும். இப்படி இரண்டு படிகளாக வைத்திருப்பதும், இரண்டாவதை ஒளித்து வைத்திருப்பதும் வேண்டுமென்றே செய்யப்பட்டவை. அவசரத்தில் இருப்பவன் பெரிய பொத்தானையே அழுத்துவான். கடந்து சென்ற பின்பும் ஃபயர்ஃபாக்ஸ் மேற்புறத்தில் ஒரு பட்டையைக் காட்டி, இங்கிருந்து வெளியேறவும் எச்சரிக்கை தவறென்று முறையிடவும் வழி தரும்.

எத்தனை பேர் அப்படிக் கடக்கிறார்கள்? 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய உலாவிகள் காட்டிய 2 கோடியே 50 இலட்சத்திற்கும் மேற்பட்ட எச்சரிக்கைகளை ஆராய்ந்தது. தூண்டில் எச்சரிக்கையைப் புறக்கணித்தவர்கள் ஃபயர்ஃபாக்ஸில் 9.1 விழுக்காடு, குரோமில் 18 விழுக்காடு. இவ்வெண்கள் குறைவுதான். அதே ஆய்வில் சான்றிதழ் எச்சரிக்கையைப் புறக்கணித்தவர்கள் ஃபயர்ஃபாக்ஸில் 33 விழுக்காடு, குரோமிலோ 70.2 விழுக்காடு!

சான்றிதழ் எச்சரிக்கை என்பது வேறு. தளத்தின் அடையாளச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டாலோ, நமது கணினியின் தேதி தவறாக இருந்தாலோகூட அது தோன்றும். பெரும்பாலும் தீங்கில்லாத காரணங்களுக்காக அடிக்கடித் தோன்றியதால், மக்கள் படிக்காமலேயே கடக்கக் கற்றுக்கொண்டனர். ஒரே பொய்யைப் பலமுறை கூவிய மேய்ப்பன் கதைதான். அப்பழக்கம் தூண்டில் எச்சரிக்கைக்கும் தொற்றிக்கொள்வதே ஆபத்து. இதை உணர்ந்து, 2012-இல் ஒரு புதிய நெறிமுறை வகுக்கப்பட்டது. அதை ஏற்றுக்கொண்ட தளங்களில் சான்றிதழ் பிழையானால் கடந்து செல்லும் பொத்தானே தோன்றாது. இந்த ஒரு விசயத்தில், பயனரின் விருப்பத்தைவிட அவரது பாதுகாப்பே பெரிதெனக் கொண்டது சரியான முடிவே.

அப்படியானால், அந்த மாணவி என்ன செய்யலாம்? புலன இணைப்பை விட்டுவிட்டு, சங்கத்தின் முகவரியைத் தானே தட்டச்சு செய்து பார்க்கலாம். இப்போது எச்சரிக்கை வரவில்லையெனில், பகிரப்பட்ட இணைப்புதான் போலி. மீண்டும் வந்தால், சங்கச் செயலாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கூறுவதே அடுத்த வேலை. பலருக்குத் தம் தளம் கைப்பற்றப்பட்ட செய்தியே இப்படி யாரோ சொல்லித்தான் தெரிய வரும். அவர்கள் ஒளித்து வைக்கப்பட்ட பக்கத்தை நீக்கிவிட்டுக் கூகிளிடம் மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம். தூண்டில் மோசடி தொடர்பான பரிசீலனைக்கு ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். பேச்சுப் போட்டிக்கான பதிவைப் புலனத்திலோ நேரிலோ ஏற்றுக்கொள்ளும்படி கேட்டால் மறுப்பாரா என்ன?

கடந்தே ஆக வேண்டும் எனும் நிலையும் அரிதாக வரலாம். தளத்தை நடத்துபவரே தவறான எச்சரிக்கையைச் சோதிக்கிறார் என்பது அத்தகைய நிலை. அப்போதும் படிப்பது மட்டுமே. கடவுச்சொல், அடையாள அட்டை எண், அட்டை விவரம் எதையும் தரலாகாது. எந்தக் கோப்பையும் பதிவிறக்கலாகாது. வங்கித் தளம் என்றால் இந்த விதிவிலக்கும் இல்லை. பள்ளிக் கணினிக் கூடங்களில் இம்முடிவை மாணவரிடமே விடுவதில்லை. நிருவாகி குறிப்பிட்ட தளங்களை நம்பத்தக்கவை எனப் பட்டியலிட்டு எச்சரிக்கையை விலக்கலாம். கடந்து செல்லும் பொத்தானையே நீக்கியும் விடலாம். ஆனால், நம்பத்தக்கவை எனப் பட்டியலிட்ட தளம் நாளை கைப்பற்றப்பட்டால், அன்று எச்சரிப்பவர் எவரும் இரார். எனவே, அப்பட்டியல் குறுகியதாக இருப்பதே நன்று.

எச்சரிக்கை வராததாலேயே ஒரு தளம் நல்லதாகிவிடாது. முகவரிக்கு அருகில் உள்ள பூட்டுச் சின்னத்தை நம்பியவர்கள் பலர். நமக்கும் தளத்திற்கும் இடையே செல்லும் தகவலை மற்றவர் ஒட்டுப்பார்க்க முடியாது என்பது மட்டுமே அப்பூட்டின் பொருள். மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்று அது சொல்வதில்லை. சான்றிதழ்கள் இலவசமாகவே கிடைப்பதால் போலித் தளங்களும் பூட்டு வைத்துக்கொண்டன. இக்குழப்பம் தீர வேண்டுமென்றே குரோம் உலாவி 2023 செப்டம்பரில் பூட்டுச் சின்னத்தை நீக்கிவிட்டு வேறொரு சின்னத்தை வைத்தது. தவிர, மோசடி உலாவிக்குள்தான் நிகழ வேண்டும் என்பதுமில்லை. துப்புரவுச் சேவை, தள்ளுபடி விற்பனை என்று ஆசை காட்டி, திறன்பேசியில் ஒரு செயலியை நிறுவச் செய்து, வங்கி அனுப்பும் குறுஞ்செய்திக் குறியீட்டைத் திருடும் முறை நம் நாட்டில் பரவியது. அதனால்தான் குறுஞ்செய்தி வழியாகக் குறியீடு அனுப்பும் முறையைக் கைவிட்டு, மேலும் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி பேங்க் நெகாரா 2022-இல் வங்கிகளைப் பணித்தது.

ஏமாந்துவிட்டோம் என உணர்ந்தவர்கள் பெரும்பாலும் வெட்கத்தால் ஓரிரு நாள் எவரிடமும் சொல்வதில்லை. மோசடிக்காரன் பெரிதும் விரும்புவது அந்த ஓரிரு நாளைத்தான். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்கிற்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலுக்குப் பின்னும் அதை மீட்பது கடினமாகும். இதற்காகவே 2022 அக்டோபரில் தேசிய மோசடி எதிர்வினை மையம் தொடங்கப்பட்டது. அதன் எண் 997. காவல் துறை, பேங்க் நெகாரா, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் ஆகியவை வங்கிகளோடு சேர்ந்து அங்குச் செயல்படுகின்றன. தம் வங்கியின் அவசர எண்ணுக்கும் அழைக்கலாம். போலித் தளத்தைப் பற்றிய புகாரை மைசெர்ட் குழுவின் சைபர்999 சேவைக்கு அனுப்பலாம். அழைக்கும்போது பணம் சென்ற கணக்கு எண், தொகை, நேரம் ஆகிய விவரங்கள் கையில் இருந்தால் வேலை விரைவாகும். வந்த செய்தியையும் தளத்தின் முகவரியையும் அழித்துவிடாமல் படம்பிடித்து வைத்திருக்க வேண்டும். பிறகு, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றிவிட்டுக் காவல் நிலையத்தில் புகார் செய்யலாம்.